நீச்சல் அரைகுறை, கடல் பழக்கமே இல்லை: விட்சண்டே தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போகலாமா?

பாலக்கோடு சொந்த ஊர், ஓசூரில் வேலை, வயது 27 என்று சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளைச் சுற்றும் மூன்று நாள், இரண்டு இரவு பேக்பேக்கர் (முதுகுப்பையோடு குறைந்த செலவில் சுற்றுபவர்) பாய்மரப் பயணத்துக்கு எந்தப் படகு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் படகைப் பற்றிய கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் சேர்த்த இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது: உங்களுக்குக் கிணற்று நீச்சல் மட்டும் தெரியும், கூட வரும் நண்பருக்கு வத்தல்மலை பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். ஆக, கடல் பழகாத இரண்டு பேர் மூன்று நாள் அந்தப் படகில் தாக்குப்பிடிக்க முடியுமா, கொடுத்த காசுக்கு அனுபவிக்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. முடியும். அதற்குப் படகின் பெயரைவிட நீங்கள் போகும் மாதம் முக்கியம், மாதத்தைவிட அந்த வாரத்துக் காற்று முக்கியம். விளம்பரத்தில் வரும் கடற்கரைப் பெயர்களைப் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பு. குயின்ஸ்லாந்து கரையை ஒட்டி 74 தீவுகள். கரையில் ஏர்லி பீச் என்ற சிற்றூர், பேக்பேக்கர் படகுகள் எல்லாம் கிளம்புவது அங்கிருந்துதான். தீவுகளுக்கு வெளியே, கரையிலிருந்து 60, 70 கிலோமீட்டர் தள்ளி கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பவளப்பாறைத் தொடர் மதில் மாதிரி நிற்கிறது. பசிபிக் பெருங்கடலின் பெரிய அலைகள் அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே இருக்கும் கடல் ஒப்பீட்டளவில் அடக்கமானது. மெரினாவிலோ மகாபலிபுரத்திலோ கரையில் வந்து அறையும் அலையை நினைத்துப் பயப்பட வேண்டாம், இங்கே அது கிடையாது. இங்கே எழும் அலை ஏறக்குறைய முழுக்கவே அன்றன்றைய காற்று எழுப்புவது. காற்று நின்றால் கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் மாதிரி கிடக்கும், காற்று எழுந்தால் சில மணி நேரத்தில் குணமே மாறிவிடும். அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து நிலையான காற்று வீசும். சாதாரண நாளில் 15 நாட், பலத்த நாளில் 25 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக 15 நாட் என்பது 28 கிலோமீட்டர், 25 நாட் என்பது 46 கிலோமீட்டர். நம்மூரில் ஆடிக்காற்று அம்மியை நகர்த்தும் அதே மாதங்களில் அங்கேயும் காற்று வலுவாக இருப்பது தற்செயல் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில் வீசும் இதே வகைத் தென்கிழக்குக் காற்றுதான் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திசை திரும்பி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெயில், புழுக்கம், மழை, புயல் பருவம். 2017 மார்ச்சில் டெபி புயல் ஏர்லி பீச் பக்கத்தில்தான் கரை கடந்தது. எனவே கடல் பழகாதவர்களுக்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை, நம் கணக்கில் ஆவணி நடுவிலிருந்து புரட்டாசி கடைசி வரை. காற்று தணிய ஆரம்பித்திருக்கும், மழை குறைவு, ஜெல்லி மீன் பருவம் இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது, கூனல் முதுகுத் திமிங்கலங்களையும் செப்டம்பர் வரை பார்க்கலாம். ஜூன், ஜூலையில் போனால் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கடல் நீர் 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மார்கழியில் அதிகாலை குளித்துப் பழகியவருக்குக்கூட அரை மணி நேரம் அதில் மிதந்தால் பல் கிட்டும். படகில் வெட்சூட் (குளிர் தாங்கும் தடித்த நீச்சல் உடை) கொடுப்பார்களா என்று அந்த மாதங்களில் கட்டாயம் கேளுங்கள்.

மாதம் என்பது சராசரிதான். நீங்கள் ஏறும் அந்த மூன்று நாள் எப்படி இருக்கும் என்பது நான்கைந்து நாளுக்கு முன்னால்தான் ஓரளவு நம்பத்தக்க வகையில் தெரியும். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பார்க்கும்போது அதில் கீழே எப்போதும் இருக்கும் ஒரு எச்சரிக்கையைத் தவறவிடாதீர்கள்: காற்று, சொன்ன வேகத்தைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக வீறிட்டு அடிக்கலாம், அலை சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரை எழலாம். 20 நாட், 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், நடுநடுவே 28 நாட், 3 மீட்டருக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். 26 நாட்டிலிருந்து 33 நாட் வரைக்கும் பலத்த காற்று எச்சரிக்கை வரும், 34-க்கு மேல் போனால் சூறைக்காற்று எச்சரிக்கை. ஒகேனக்கல்லில் இத்தனை ஆயிரம் கன அடி என்றதும் பரிசலுக்குத் தடை போடுகிறார்களே, அது மாதிரி ஒரே கோடு இங்கே கிடையாது. படகின் அளவு, கேப்டனின் முடிவு, நிறுவனத்தின் விதி மூன்றும் சேர்ந்துதான் கிளம்புவதா, வழியை மாற்றுவதா என்று தீர்மானமாகும். வழியை மாற்றினால் பெரும்பாலும் பணம் திரும்பாது, பயணத்தையே ரத்து செய்தால்தான் திரும்பும். பணம் கட்டும் முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

இனிப் படகு. பேக்பேக்கர்களுக்கு விற்கப்படுபவை மூன்று வகை. ஒன்று, ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற பெரிய ஒற்றை உடல் படகுகள், 'மேக்ஸி' என்பார்கள். வேகம், சாய்வு, இளவட்டக் கூட்டம், 20 பேருக்கு மேல். உள்ளே ரயில் பெர்த்தைவிடக் குறுகலான படுக்கை, நிமிர்ந்து உட்கார முடியாது. இரண்டு, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான். நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்தான் அப்படித் திரிந்து உலகம் சுற்றி வருகிறது. சாயாது, தளம் அகலம், சமையல் இடம் வசதி. மூன்று, பழைய பாணி மரக்கப்பல்கள். மெதுவாகப் போகும், பார்க்க அழகு. உங்கள் இரண்டு பேருக்கும் என்றால் கேட்டமரானைத்தான் சொல்வேன், அதிலும் 10, 12 பேருக்கு மிகாமல் ஏற்றுவதை. பாய்மரப் பயணம் என்றால் என்னவென்று உடம்பில் உணர வேண்டும் என்பது ஆசையானால் மேக்ஸிக்கு ஈடு கிடையாது, ஆனால் அதை நண்பரின் வயிற்றைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேக்ஸி சாயும்போது முதல் தடவை ஏறியவர்கள் கவிழப்போகிறது என்று அலறுவார்கள். கவிழாது, காரணம் எளிது. படகின் அடிவயிற்றில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் துடுப்பு போன்ற கீல், அதன் நுனியில் பல டன் ஈயம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகத்தைப் போல, எவ்வளவு சாய்த்தாலும் அந்த எடை நிமிர்த்தப் பார்க்கும். அதோடு, படகு சாயச் சாயப் பாயும் சாய்வதால் காற்று அதன் மேல் விளிம்பில் வழிந்து போய்விடும், தள்ளும் விசை குறையும், கீலின் இழுப்பு கூடும். 20, 25 டிகிரி சாய்வு அன்றாடம். கேட்டமரானில் இந்த ஈயக் கீல் இல்லை, அகலத்தால் மட்டுமே நிற்கிறது, எனவே காற்று கூடினால் கேப்டன் முன்கூட்டியே பாயைச் சுருக்கிவிடுவார். பேசாமல் எஞ்சின் போட்டுக்கொண்டு போகிறாரே என்று அப்போது குறைப்பட வேண்டாம்.

படகில் உங்களையும் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள், விரும்பினால் செய்யலாம். அடிபடுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில். ஒன்று வின்ச் எனப்படும் உருளை. கயிற்றை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, நுனியை இழுக்க வேண்டும். இழுக்கும்போது கை உருளையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும், கட்டைவிரலை மடக்கிக்கொள்ளுங்கள். பாய் திடீரென்று காற்று பிடித்தால் கயிறு உள்ளே ஓடும், கூடவே விரலும் ஓடும். கயிற்றின் வளையத்துக்குள் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. இன்னொன்று பூம், அதாவது பெரிய பாயின் அடியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கட்டை. படகு திசை மாறும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசும். பின்காற்றில் திரும்பும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. கேப்டன் குரல் கொடுத்ததும் செல்ஃபியை விட்டுவிட்டு உட்கார்ந்து தலையைக் குனியுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க ஓரத்துக்குப் போய் நிற்பது எந்தப் படகிலும் வேண்டவே வேண்டாம். யாராவது தண்ணீரில் விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல், சத்தம் போட்டு, மிதக்கும் பொருள் எதையாவது வீசி, விழுந்தவரை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே கண்ணெடுக்காமல் நில்லுங்கள். அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும், ஒரு முறை கண் தவறினால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

குமட்டலுக்கு வருவோம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, படகின் உள்ளே எதிரில் இருக்கும் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்தச் சண்டைதான் வாந்தி. மலைப்பாதையில் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் வருவதும் இதேதான். எனவே மருந்தைவிட உட்காரும் இடம் முக்கியம்: மேல்தளத்தில், நடுவுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில், முகத்தில் காற்று படும்படி, கண் தொடுவானத்தில். படகு ஓடும்போது கீழே போய்ப் பையைக் கிளறுவதுதான் நிறைய பேரைக் கவிழ்க்கிறது, தேவைப்படுவதைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை என்றால் நம்மூரில் பஸ் பயணத்துக்குப் பழக்கமான அவோமின் மாதிரியானவை வேலை செய்யும், ஆனால் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், பீருடன் சேர்க்கக் கூடாது. நண்பருக்கு வேறு மருந்து ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் எது ஏற்றது என்று அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், இங்கிருந்து யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வாங்கிய மாத்திரையை ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டி மலைப்பாதை பஸ்ஸில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. இஞ்சி சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. கெடுதல் இல்லை என்பதால் இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது, ரொட்டி, வாழைப்பழம் போதும். அப்படியும் வந்துவிட்டால் காற்று வரும் பக்கம் அல்ல, காற்று போகும் பக்கம் ஓரத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். திசை மாறினால் பின்னால் இருக்கும் பத்துப் பேரும் உங்களை மூன்று நாளைக்கு மறக்க மாட்டார்கள். பெரும்பாலானோருக்கு ஒரு நாளில் உடம்பு பழகிவிடுகிறது, தவிர இரவில் படகு ஒதுக்கமான குடாவில்தான் நங்கூரம் போடும். ஹூக் தீவின் தென்புறத்தில் இருக்கும் நாரா இன்லெட் அப்படிப்பட்ட இடம், தென்கிழக்குக் காற்றில் உள்ளே தண்ணீர் அசையாது. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஙாரோ மக்களின் குகை ஓவியங்களும் அங்கேதான், படியேறிப் போய்ப் பார்க்கலாம்.

நீச்சல் விஷயத்தில் உங்கள் கவலை கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் பழகினவர்களுக்கு மிதக்கத் தெரியும், மூச்சடக்கத் தெரியும். வராத ஒன்று, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி வாயால் நிதானமாக மூச்சு விடுவது. ஸ்நார்கெலிங்கில், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பதில், பதற்றம் அங்கேதான் தொடங்குகிறது: குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஏறும், மூச்சு வேகமாகும், மாஸ்க்கைக் கழற்றி எறிவார்கள், அப்புறம் உண்மையிலேயே தண்ணீர் குடிப்பார்கள். இதற்கு ஊரிலேயே மருந்து உண்டு. முந்நூறு நானூறு ரூபாய் மாஸ்க்காக இருந்தாலும் பரவாயில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் மெதுவாக இழுத்து நீளமாக விடுங்கள். பத்து நிமிடம் சலிக்கும் வரை செய்யுங்கள். பிறகு குழாயில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, அடுப்பு ஊதுவதுபோல ஒரே ஊதில் வெளியேற்றிப் பழகுங்கள். நாலைந்து நாள் போதும். கிணறு பழக்கமென்றாலும் தனியாக இறங்க வேண்டாம். ஏர்லி பீச்சில் கடலை ஒட்டியே செயற்கை நீச்சல் குளம் இருக்கிறது, இலவசம், ஜெல்லி மீன் கிடையாது. படகு ஏறுவதற்கு முந்தின நாள் மாலை அங்கே ஒரு ஒத்திகை பாருங்கள்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள், விழாமல் ஒட்டி நின்றால் சரி. நம் ஆட்களுக்குப் பெரும் எதிரி மீசை. மூக்குக்கு நேர் கீழே இருக்கும் மயிரின் வழியாகத்தான் தண்ணீர் கசியும். மீசையை எடுக்க மனம் வராவிட்டால் மூக்கை ஒட்டி ஒரு நூல் அகலம் மழித்தாலே போதும், அல்லது அந்த இடத்தில் வாஸ்லின் தடவுங்கள். கண்ணாடி மூடுபனி பிடித்தால் உள்ளே எச்சில் தேய்த்துக் கடல் நீரில் ஒரு தடவை அலசுவதுதான் எல்லோரும் செய்வது. மிதக்கும் 'நூடுல்' குச்சி அல்லது மிதவைச் சட்டை எல்லாப் படகிலும் இருக்கும், வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா போன்றவை இருந்தால் ஏறும்போது நிரப்பும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கரையிலிருந்து உதவி வந்து சேர நேரம் எடுக்கும் இடம் அது. இன்னொன்று, சிட் துறைமுகம் என்ற குடா நங்கூரமிட வசதியானது என்றாலும் 2018-ல் அங்கே சுறாத் தாக்குதல்கள் நடந்தன. அங்கே நீந்த வேண்டாம் என்பது அரசின் அறிவுரை.

சுறாவைவிட யோசிக்க வேண்டியது ஜெல்லி மீன். பெட்டி ஜெல்லி மீன், இருகாண்ட்ஜி என்று இரண்டு. பின்னது நகக்கண் அளவுதான், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. கொட்டும்போது எறும்புக் கடி மாதிரி இருக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் முதுகுவலி, வியர்வை, வாந்தி, எகிறும் ரத்த அழுத்தம் எல்லாம் வரும். நவம்பரிலிருந்து மே வரை அதிகம், மற்ற மாதங்களில் அரிது, அறவே இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தடுப்பு எளிமையானது: தலை முதல் கால் வரை மூடும் மெல்லிய லைக்ரா உடை. படகில் கொடுப்பார்கள், சில சமயம் தனிக் கட்டணம். வெயிலையும் அதுவே தடுத்துவிடும் என்பதால் எந்த மாதமானாலும் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். கருத்த தோல் கருகாது என்பது கட்டுக்கதை, முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதந்தால் தெரியும். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை குறைந்தது 30 விநாடி ஊற்றி, உடனே கேப்டனிடம் சொல்லுங்கள். சாதாரணக் கடிதானே என்று போய்ப் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

எல்லோரும் பார்க்க ஆசைப்படும் ஒயிட்ஹேவன் கடற்கரை 7 கிலோமீட்டர் நீளம், மணலில் ஏறக்குறைய 98 சதவீதம் சிலிக்கா, உச்சி வெயிலிலும் காலைச் சுடாது. அதன் வடகோடியில் ஹில் இன்லெட் என்ற முகத்துவாரத்தில் நீலமும் வெள்ளையும் கோலம்போலச் சுழன்று கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோலம் கடல் வற்றும்போதுதான் தெரியும். ஏற்றத்தில் போனால் வெறும் நீலத் தண்ணீர். சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான், அங்கே 3, 4 மீட்டர் வரை போகும். இதற்குச் செயலி எல்லாம் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். பெரிய வற்றத்தில் மணல் கோலம் அருமை, ஆனால் நீரோட்டம் அடிமண்ணைக் கலக்குவதால் பவளம் பார்க்கத் தண்ணீர் மங்கலாக இருக்கும். அஷ்டமி பக்கம் போனால் தண்ணீர் தெளிவு, கோலம் சுமார். இரண்டும் ஒரே பயணத்தில் உச்சமாகக் கிடைக்காது, எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து தேதி போடுங்கள். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் மணி நேரத்தில் அலை செங்குத்தாக எழும் என்பதும் இதோடு சேர்ந்ததே. ரொம்ப வற்றிய நேரத்தில் கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகு பாறையில் தட்டும் என்பதால், இறக்கும் நேரத்தைக் கேப்டனிடம் விட்டுவிடுங்கள்.

பவளத்தைப் பற்றி ஒரு வெளிப்படையான வார்த்தை. மூன்று நாள் படகுகளில் பல, தீவுகளின் ஓரத்தில் இருக்கும் பாறைகளுக்குத்தான் போகும், வெளியே இருக்கும் பெரிய ரீஃப் வரை போகாது. ஹேமன், ஹூக் தீவுகளின் வடபுறக் குடாக்கள் தென்கிழக்குக் காற்றுக்கு மறைவாக இருப்பதால் அங்கேதான் இறக்குவார்கள். 2017 புயல் அந்த இடங்களைத்தான் கடுமையாக உடைத்துப் போட்டது. மீள்கிறது, மெதுவாக. மீன்கள் நிறைய, ஆமை பார்க்க வாய்ப்பு நல்லது, ஆனால் விளம்பரப் படத்தின் பல வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம். பவளம்தான் முதல் ஆசை என்றால், வெளி ரீஃபில் நிற்கும் படகா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாது. பெரும்பாலும் கைப்பம்பு வைத்தது. பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும்: ஒரு நிலையில் கடல் நீர் உள்ளே வரும், மறு நிலையில் வராது, வெளியேற்ற மட்டும் செய்யும். முடித்ததும் முதல் நிலையில் வைத்துத் தெளியும் வரை பத்துப் பதினைந்து தடவை அடித்து, பிறகு நெம்புகோலைத் திருப்பிக் காலியாகும் வரை அடித்து, அப்படியே விட்டு வர வேண்டும். திருப்பாமல் விட்டால் கிண்ணம் தானாக நிரம்பி வழியும். கழிவு தொட்டிக்குப் போகும் குழாய் இரண்டு விரல் அகலம்தான் என்பதால், வயிற்றுக்குள் போய் வந்ததைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்று கெஞ்சுவார்கள். அடைத்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது கேப்டன், அன்றைய நாற்றம் எல்லோருக்கும். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், ஆடும் படகில் நின்று குறி வைக்க முடியாது. தண்ணீர் பயன்படுத்திப் பழகிய நமக்கு ஒரு அரை லிட்டர் காலி பாட்டில் போதும். நல்ல தண்ணீர் அளவுதான், குளியல் இரண்டு நிமிடம், சில படகில் அதுவும் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். டீ போட ஆசைப்பட்டு அடுப்பை நீங்களாகத் தொடாதீர்கள்.

சக்கரம் வைத்த பெட்டி, சட்டம் வைத்த பெரிய முதுகுப்பை இரண்டையும் ஏற்ற மாட்டார்கள். ஏர்லி பீச்சில் வைத்துவிட்டு, மடங்கும் துணிப்பையில் 10 கிலோவுக்குள் எடுத்துப்போங்கள்: இரண்டு செட் துணி, துண்டு, இரவுக்கு ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை, தொப்பி, கண்ணாடிக்கு வார், பவர் பேங்க், காதடைப்பான். செருப்பு, ஷூவைக் கரையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காதடைப்பான் ஆடம்பரம் இல்லை, இரவெல்லாம் கயிறு பாய்மரத்தில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள், ஏறிய பிறகு சொன்னால் மூன்று நாளும் ரொட்டியும் சாலட்டும்தான். நம்மூர் மாம்பழத்தை ஆசையாகக் கொண்டுபோகாதீர்கள், ஆஸ்திரேலியாவில் புதுப் பழத்தை உள்ளே விட மாட்டார்கள். ஊறுகாய், பொடி எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

சுற்றுலா விசா 600 என்ற வகை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 27 என்பதால் இன்னொரு வழியும் உண்டு: 18 முதல் 30 வயது வரையானவர்களுக்கான 462 என்ற வேலை-விடுமுறை விசா, இந்தியர்களுக்கு 2024-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 1000 இடம், குலுக்கல் முறை. கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் தேதி போட வேண்டாம். உங்களுக்குத் தேவனஹள்ளி விமான நிலையம்தான் பக்கம், ஓசூரிலிருந்து பெங்களூரு நெரிசலைக் கடக்கும் நேரத்தைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். அங்கிருந்து சிட்னி அல்லது பிரிஸ்பேன் போய், உள்நாட்டு விமானத்தில் புரோசர்பைன் இறங்கினால் ஏர்லி பீச்சுக்குப் பஸ் உண்டு. படகு யாருக்காகவும் காத்திருக்காது, எனவே ஒரு முழு நாள் முன்னதாகவே ஊர் சேருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது பாய்மரப் பயணமும், ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள். செலவு கட்டுப்படாது என்று தோன்றினால் இந்தோனேசியாவில் கொமோடோ பக்கம் லபுவான் பாஜோவிலிருந்து இதே மூன்று நாள் படகுப் பயணங்கள் கிடைக்கும். விசாவும் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம், 5 லட்சம் ருபியா. ஆனால் அவை பெரும்பாலும் பாய்மரம் அலங்காரத்துக்கு நிற்க, எஞ்சினில் ஓடும் மரப்படகுகள். தீவுகளுக்கு இடையே நீரோட்டமும் கடுமை, அரைகுறை நீச்சலுக்கு அது இன்னும் கவனம் கேட்கும் இடம்.

திரும்பும் விமானத்தைப் படகு கரை சேரும் அன்றே போடாதீர்கள். காற்றால் படகு தாமதமாகலாம் என்பது ஒன்று. சில படகுகளில் முன் அனுபவம் இல்லாதவர்களையும் பயிற்றுநருடன் ஸ்கூபாவுக்கு (முதுகில் காற்று உருளையோடு நீருக்கடியில் மூழ்குவது) இறக்குவார்கள் என்பது இன்னொன்று. ஆசைப்பட்டு இறங்கினால் அடுத்த 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேலே போகும்போது குமிழாகும். அன்று இரவு ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் கட்டில் ஆடுவது போலவே இருக்கும், மறுநாள் குளியலறையில் சுவரைப் பிடிக்கத் தோன்றும். அது நோயில்லை, இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.